மச்சான் கம்பெனிக் கடனுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

சிறுதொழில், சட்டம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே ரகம். "நான் செய்யாத காரியத்துக்கு என்னை ஏன் இழுக்கிறார்கள்?" என்பதுதான் எல்லோருடைய குமுறலும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

திருப்பூர் வாசகர்: நானும் என் மச்சானும் அவருடைய நண்பரும் சேர்ந்து 2015-ல் பனியன் கம்பெனி ஆரம்பித்தோம். பார்ட்னர்ஷிப்தான். 2021-ல் ஒத்துவராமல் விலகிவிட்டேன். 'இனி வரவு செலவு எதற்கும் இவர் பொறுப்பல்ல' என்று 100 ரூபாய் பத்திரத்தில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். இப்போது ஒரு நூல் வியாபாரி, 2023-ல் கொடுத்த நூலுக்கு 14 லட்சம் பாக்கி என்று எனக்கும் சேர்த்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நான் விலகி இரண்டு வருஷம் கழித்து வாங்கிய நூல் சார் அது. இதற்கெல்லாம் பதில் போட வேண்டுமா, கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுதிய 100 ரூபாய் பத்திரம் உங்கள் மூன்று பேருக்குள் செல்லும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நூல்காரர் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லையே. அவரைப் பொறுத்தவரை 2015-லிருந்து அந்தக் கம்பெனியில் நீங்கள் ஒரு பங்குதாரர். 1932-ஆம் வருடத்து பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 32-வது பிரிவு சொல்வது இதுதான்: ஒருவர் விலகினால் மட்டும் போதாது, விலகியதை ஊருக்கு அறிவிக்க வேண்டும், அறிவிக்கும் வரை, மற்றவர்கள் கம்பெனி பெயரில் செய்யும் காரியத்துக்கு விலகியவரும் வெளியாளிடம் பொறுப்பாளிதான். 'ஊருக்கு அறிவிப்பது' என்றால் எப்படி என்றும் 72-வது பிரிவு விளக்கியிருக்கிறது. பதிவு செய்த கம்பெனி என்றால் பதிவாளருக்கு (நம் ஊரில் மாவட்டப் பதிவாளர் அலுவலகம்) அறிவிப்பு கொடுக்க வேண்டும், அரசிதழில் வர வேண்டும், அந்த மாவட்டத்தில் ஓடும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலாவது வர வேண்டும். உங்கள் கடிதத்தில் இந்த மூன்றைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அதனால் எல்லாம் போயிற்று என்று அர்த்தமில்லை. அந்த 32-வது பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. நீங்கள் பங்குதாரர் என்பதே தெரியாமல் கம்பெனியோடு வியாபாரம் செய்தவர், பின்னால் உங்களைத் தேடி வர முடியாது. இந்த நூல்காரர் எப்போது வந்தார்? நீங்கள் இருந்த காலத்திலேயே நூல் கொடுத்தவரா, 2022-க்கு மேல் புதிதாக வந்தவரா? புதியவர் என்றால், அவர் உங்கள் பெயரை எங்கே பார்த்தார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பழைய ஆள் என்றால், நீங்கள் விலகியது அவருக்கு நேரடியாகத் தெரியும் என்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். "இனி மச்சானிடமே பேசிக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் இருந்தால் வக்கீலிடம் காட்டுங்கள். அறிவிப்பு இல்லாத குறையை அது முழுதாக அடைக்காது, ஆனாலும் சும்மா நிற்பதற்கு அது எவ்வளவோ மேல். அந்த போனை மாற்றிவிடாதீர்கள், செய்தியை அழித்துவிடாதீர்கள். மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் கேட்பார்கள், மூலம் கையில் இருந்தால்தான் அது சுலபம்.

நோட்டீஸ் வெறும் பாக்கிக்கா, செக் திரும்பியதற்கா என்றும் பாருங்கள். இரண்டும் வேறு வேறு. செக் வழக்கு என்றால், குற்றம் நடந்த நேரத்தில் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தவர்தான் மாட்டுவார். 2021-ல் விலகியவர், 2023 செக்கில் கையெழுத்தும் போடாதவர், வெளியே வர நல்ல வழி இருக்கிறது. ஆனால் அதையும் பதில் நோட்டீஸில் சொல்லியாக வேண்டும். பேசாமல் இருந்துவிட்டு ஒரு வருஷம் கழித்து கோர்ட்டில் முதல்முறையாக "நான் அப்போதே விலகிட்டேன்" என்றால், இப்போது யோசித்துச் சொல்கிறார் என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடும்.

அப்புறம், நூல்காரர் மட்டும்தானா என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். வங்கியில் சிசி கணக்கு (தொழிலுக்கான கேஷ் கிரெடிட் கடன்) இருந்திருக்கும், அதில் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். விலகல் பத்திரத்தை வங்கிக்குக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தாலும், 'இவரை ஜாமீனிலிருந்து விடுவிக்கிறோம்' என்று வங்கி எழுதித் தராத வரை பழைய பாக்கிக்கு நீங்கள் உண்டு. மேற்கொண்டு எடுக்கும் பணத்துக்காவது ஜாமீனை ரத்து செய்வதாக இன்றே கடிதம் எழுதி, ரசீது வாங்குங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 90-வது பிரிவும் இதே ஜாதி: விலகிய ஒரு மாதத்துக்குள் துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் அந்தத் தகவல் போய்ச் சேரும் நாள் வரைக்கும் வரிப் பாக்கி உங்கள் தலையிலும் ஏறும். நான்கு வருஷமாகத் தெரிவிக்கவில்லை என்றால் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நாளையே செய்ய வேண்டியது: வக்கீலைப் பார்த்து பதில் நோட்டீஸ், அதே வாரத்தில் பதிவாளருக்கும் அரசிதழுக்கும் பத்திரிகைக்கும் அறிவிப்பு, வங்கிக்கும் ஜிஎஸ்டி அலுவலகத்துக்கும் கடிதம். லேட்டான அறிவிப்பு பழைய பாக்கியைத் துடைக்காது, ஆனால் அடுத்த நூல்காரரைத் தடுக்கும். 14 லட்சத்தைக் கடைசியில் நீங்களே கட்ட நேர்ந்தால் அந்த 100 ரூபாய் பத்திரத்தை வைத்து மச்சான்மேல் வழக்குப் போட்டு வாங்கலாம். மச்சானிடம் அப்போது ஏதாவது மிச்சம் இருந்தால்.

ஈரோடு வாசகர்: மொத்த வியாபாரி ஒருவர், சரக்குக் கடனுக்கு செக்யூரிட்டியாக மூன்று வெற்று செக்கில் கையெழுத்து வாங்கினார். பாக்கியில் பாதிக்கு மேல் ஜிபேயில் கட்டிவிட்டேன். தகராறு வந்ததும் ஒரு செக்கில் முழுத் தொகையை எழுதி பேங்கில் போட்டுவிட்டார். வெற்று செக் செல்லாது என்கிறார்களே?

யார் சொன்னது? இந்த ஒரு வதந்தியால் கெட்டவர்கள் எத்தனையோ பேர். கையெழுத்துப் போட்டு வெற்றாகக் கொடுத்தாலே, வாங்கியவர் நிரப்பிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே தெளிவாகச் சொன்னது: விருப்பப்பட்டுக் கொடுத்த வெற்று செக்காக இருந்தாலும் அது கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானம் உண்டு, இல்லை என்று காட்டுவது கொடுத்தவர் பாடு. 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்தாலும், செக் திரும்பினால் தண்டிக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவிலிருந்து தப்ப முடியாது.

உங்களுக்குச் சாதகமான விஷயம் அந்த ஜிபே. 2022-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், செக் கொடுத்த பிறகு ஒரு பகுதியைக் கட்டியிருந்தால் அதைச் செக்கிலேயே குறித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் போட வேண்டும், முழுத் தொகைக்குப் போட்டால் அன்றைக்கு அவ்வளவு கடன் இல்லை என்பதால் 138 நிற்காது என்றது. ஆகவே ஒவ்வொரு ஜிபே வரவும் எந்த பில்லுக்குப் போனது என்று ஸ்டேட்மென்ட்டை வைத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் அவரிடம் புதிதாகச் சரக்கு எடுத்தீர்களா என்பதைச் சேர்த்துப் பாருங்கள். எடுத்திருந்தால் அவர் கணக்கு வேறு மாதிரி வரும்.

தேதிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். செக் திரும்பிய தகவல் அவருக்குக் கிடைத்து 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உங்கள் கைக்கு வந்து 15 நாள் உங்களுக்கு. அந்த 15 நாளும் முடிந்து ஒரு மாதத்துக்குள் அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டும். தபால்காரர் வரும்போது 'ஆள் இல்லை' என்று திருப்பி அனுப்புவதில் ஒரு பயனும் இல்லை, சரியான விலாசத்துக்கு வந்தாலே கிடைத்ததாகத்தான் கணக்கு. தண்டனை இரண்டு வருடம் வரை, அபராதம் செக் தொகையில் இரண்டு மடங்கு வரை. வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்காலமாகக் கட்டச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது.

மீதி இரண்டு செக் இன்னும் அவரிடம்தானே? நம்பர் போட்டு, எந்தக் கடனுக்காக எந்தத் தேதியில் கொடுத்தது, எவ்வளவு கட்டியாகிவிட்டது என்று எழுதி, திருப்பித் தரச் சொல்லி இன்றே பதிவுத் தபால் அனுப்புங்கள். இதை செக் கொடுத்த அன்றே ஒரு கடிதமாக எழுதி அவர் கையெழுத்தையும் வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கடன் கேட்கப் போகிற இடத்தில் அப்படியெல்லாம் கண்டிஷன் போட முடியுமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. முடியாதுதான். குறைந்தபட்சம் செக்கை போட்டோவாவது எடுத்து வையுங்கள்.

கோவை, பட்டறை உரிமையாளர்: என்னிடம் 7 பேர் வேலை பார்க்கிறார்கள். பவர் பிரஸ்ஸில் ஒருவருக்கு (வயது 30) ஆள்காட்டி விரல் முழுதும் போய்விட்டது. ஆஸ்பத்திரிச் செலவு 85,000 நான்தான் கட்டினேன். மேலே 40,000 கையில் கொடுத்து, 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று எழுதி வாங்கினேன். இப்போது லேபர் ஆபீஸிலிருந்து நோட்டீஸ். அவர் போன் பேசிக்கொண்டே வேலை பார்த்தார், தப்பு அவருடையது. நான் எதற்குக் கொடுக்க வேண்டும்?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் நீங்கள் சொல்லும் மூன்று சமாதானங்களும் அங்கே எடுபடாது.

கவனக்குறைவு என்பது தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் பதிலே இல்லை. வேலை நேரத்தில், வேலையால் வந்த விபத்து என்றால் யார் தப்பு என்று பார்க்காமலே முதலாளி இழப்பீடு தர வேண்டும். 1923-லிருந்தே இதுதான் நிலைமை, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது, அடிப்படை மாறவில்லை. குடித்திருந்தார், அல்லது பாதுகாப்புக்கு இருந்த கார்டை (கை உள்ளே போகாமல் தடுக்கும் மூடியை) வேண்டுமென்றே கழற்றினார் என்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: அந்த பிரஸ்ஸில் கார்டு இருந்ததா? 'ஸ்பீடு குறையுது' என்று முதலாளியே கழற்றி மூலையில் போட்டுவைத்திருக்கும் பட்டறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதும் அப்படி என்றால் போன் பேசிய கதையை எடுக்கவே எடுக்காதீர்கள்.

எழுதி வாங்கிய தாளும் செல்லாது. சட்டப்படி வர வேண்டிய இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அதற்கு மதிப்பில்லை. சமரசம் என்றால் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் முன்னால் பதிவாக வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு தனிக் கணக்கு. அதைக் காட்டி இழப்பீட்டில் கழிக்க முடியாது. பதிவு செய்யாமல் கையில் கொடுத்த 40,000-மும் முழுசாகக் கழியும் என்று நம்பி இருக்க வேண்டாம். கொடுத்ததற்கு ரசீது இருந்தால் ஆணையர் முன் வையுங்கள், அவர் தீர்மானிப்பார்.

எவ்வளவு வரும்? உங்கள் கடிதத்தில் சம்பளம் இல்லை. மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் பெருக்கு எண் 207.98. பெருக்கினால் 18,71,820. இது முழு ஊனத்துக்கான தொகை. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீத இழப்பு என்பது அட்டவணைக் கணக்கு. ஆக 2,62,000 ரூபாய் சுமாராக. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கட்டியிருக்க வேண்டும். தாமதத்துக்கு 12 சதவீத வட்டி, காரணமில்லாத தாமதம் என்றால் மேற்கொண்டு 50 சதவீதம் வரை அபராதம். நாள் தள்ளத் தள்ள இது ஏறும். அதனால் தகராறு இல்லாத தொகையை முதலில் டெபாசிட் செய்துவிட்டு மிச்சத்தைப் பேசுவதுதான் புத்திசாலித்தனம்.

இனிமேலைக்கு. பத்து பேர் இருந்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டாயம், 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. அதில் சேர்ந்தவருக்கு விபத்து நடந்தால் இழப்பீட்டை இஎஸ்ஐ பார்த்துக்கொள்ளும், உங்கள் மேல் இந்தச் சுமை வராது. கணக்கில் 9 பேரைக் காட்டி மிச்சப் பேரை நோட்டில் எழுதாமல் வைத்திருக்கும் ஆட்கள், மிச்சம் பிடிப்பது சம்பளத்தில் 3.25 சதவீதம்தான் என்பதையும் ஒரு விரலுக்கு எவ்வளவு என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். உங்களைப் போல 7 பேர் என்றால், பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி கேட்டு வாங்குங்கள். அதில் சம்பளத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள், கான்ட்ராக்டர் மூலம் வரும் ஆட்களையும் சேருங்கள், மருத்துவச் செலவுக்கான கூடுதல் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஏஜென்ட் 'குரூப் ஆக்சிடென்ட் பாலிசியே போதும் சார்' என்பார். அது தொழிலாளிக்கு நீங்கள் தரும் சலுகை. உங்கள் சட்டப் பொறுப்பை அது ஏற்காது.

திருப்பூர், ஜாப் ஒர்க் யூனிட் வாசகி: எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றுக்குத் தைத்துக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. 6 லட்சம் வரணும். இப்போது 'ரிஜெக்‌ஷன்' என்று சொல்லி 2 லட்சத்துக்கு டெபிட் நோட் போடுகிறார்கள். கேஸ் போட்டால் வேலை கொடுக்கமாட்டார்கள். என்ன செய்வது?

உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா அம்மா? இருந்தால் 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் உங்கள் பக்கம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் பணம் தர அதில் உள்ள நாள், ஆனால் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி.

டெபிட் நோட் (பாக்கியில் பிடித்துக்கொள்கிறோம் என்று அவர்கள் எழுதும் சீட்டு) விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று: சரக்கில் குறை என்றால் டெலிவரி எடுத்த 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் டெலிவரி எடுத்த அன்றே ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டம் பார்க்கும், பணத்துக்கான நாளும் அன்றிலிருந்தே ஓடும். ஏழு மாதம் கழித்து வரும் ரிஜெக்‌ஷனுக்கு ரொம்பப் பலம் கிடையாது. அதற்கு உங்கள் டெலிவரி சலானில் தேதியோடு அவர்கள் ஆள் கையெழுத்து இருக்க வேண்டும். வாட்ச்மேன் கிறுக்கிய கையெழுத்தாக இருந்தாலும் சரி, சீல் இருந்தால் நல்லது. டெபிட் நோட்டை ஏற்கவில்லை என்று உடனே மெயில் போடுங்கள், பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மனு இணையத்திலேயே போடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று இந்த மாதிரி பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் நான்கு வசதி மன்றங்கள் இருக்கின்றன. முதலில் சமரசம், ஒத்துவராவிட்டால் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போவதென்றால் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும், அதுதான் இதன் பல். சட்டம் சொல்லும் 90 நாளில் முடியும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

வேலை போய்விடும் என்ற பயத்துக்கு என்னிடம் சட்டத்தில் மருந்து இல்லை. ஆனால் கேஸ் போடும் முன் சொல்லிப் பார்க்க ஒன்று இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை அந்த வருஷச் செலவாகக் காட்ட வாங்கியவருக்கு வருமான வரியில் அனுமதி இல்லை, கொடுக்கும் வருஷத்தில்தான் கழிக்கலாம். உங்கள் உத்யம் சான்றிதழை அவர்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்கு மெயிலில் அனுப்பி வையுங்கள். மார்ச் மாதம் ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார். இன்னொன்று, ஒவ்வொரு வருஷமும் பாக்கியை உறுதி செய்து ஒரு கடிதம் வாங்குங்கள்; கடன் வழக்குக்கு மூன்று வருடக் கெடு இருக்கிறது, அது முடிவதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் கெடு புதிதாக ஆரம்பிக்கும்.

தைத்துக் கொடுக்கும் உங்களுக்குத்தான் இது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் உத்யம் சான்றிதழ் கிடைக்கும், ஆனால் வங்கிக் கடன் சலுகைக்கு மட்டும். இந்த 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை.

கோவில்பட்டி வாசகி: வீட்டிலேயே கடலை மிட்டாய் செய்து ஆன்லைனிலும் விற்கிறோம். மிட்டாயில் கல் இருந்து பல் உடைந்துவிட்டது என்று பெங்களூருக்காரர் ஒருவர் அங்கேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டார். 60,000 கேட்கிறார். விற்றது கோவில்பட்டியிலிருந்து, வழக்கு எப்படி பெங்களூரில்?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் தான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஆன்லைனில் விற்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கூரியர் போகிற ஊரெல்லாம் உங்கள் கோர்ட்தான். நேரில் போகாமல் வீடியோவில் ஆஜராக மனு கொடுக்கலாம்.

அவசரம் பதில் மனுவுக்குத்தான். புகார் நகலோடு நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள், ஆணையம் மனம் வைத்தால் இன்னும் 15. மொத்தம் 45. அதற்கு மேல் ஒரு நாள் கூட நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 46-வது நாள் போய் நின்றால் உங்கள் தரப்பு எழுத்தில் ஏறாமலே வழக்கு நடக்கும்.

கல் இருந்தது, அது உங்கள் பாக்கெட்டில் இருந்தது, அதனால்தான் பல் உடைந்தது என்று மூன்றையும் அவர் காட்ட வேண்டும். நீங்கள் காட்ட வேண்டியது பேட்ச் நம்பர், அன்றைக்குக் கடலை வாங்கிய பில், புடைத்துச் சலித்த விவரம், அதே பேட்சில் எடுத்து வைத்த சாம்பிள். எடுத்து வைக்கும் பழக்கம் இல்லை என்றால் இனி ஒவ்வொரு பாகிலும் ஒரு பாக்கெட்டைத் தேதி போட்டு டப்பாவில் வையுங்கள், காலாவதி நாள் தாண்டும் வரை. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண் லேபிளில் இல்லையென்றால் இந்த வழக்கைவிட அது பெரிய தொல்லை.

பல் மருத்துவர் பில் நியாயமாக இருந்தால் கொடுத்து முடிப்பதில் தப்பில்லை, பெங்களூர் வக்கீல் ஃபீஸைவிட அது குறைவாகவும் இருக்கலாம். ஆனால் 'ஸாரி சார், எங்க மிஸ்டேக்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசாதீர்கள். தவறை ஒப்புக்கொள்ளாமல், வழக்கை வாபஸ் வாங்கும் நிபந்தனையோடு எழுத்தில் பேசுங்கள்.

மதுரை வாசகர்: பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிட்டால் வீடு, நகைக்கு ஆபத்தில்லை என்கிறார் என் ஆடிட்டர். உண்மையா?

பாதி உண்மை. புரொப்ரைட்டர்ஷிப்பில் (தனி ஒருவர் பெயரில் நடக்கும் தொழிலில்) கடைக் கடன் என்றால் அது உங்கள் கடன், வீடு வரைக்கும் வரும். கம்பெனியிலும் எல்எல்பியிலும் (வரையறுத்த பொறுப்புள்ள பார்ட்னர்ஷிப்) சப்ளையரோ வாடிக்கையாளரோ உங்கள் சொந்தச் சொத்துக்கு வர முடியாது. ஆனால் வங்கி முதல் நாளே டைரக்டர்களிடம் தனிப்பட்ட ஜாமீன் வாங்கும், முடிந்தால் வீட்டுப் பத்திரத்தையும். கம்பெனி செக்கில் கையெழுத்துப் போடுபவர் 138-க்கு நேரடியாகப் பொறுப்பு. ஜிஎஸ்டி பாக்கி கம்பெனியிடம் வசூலாகாவிட்டால், அது தன் அலட்சியத்தாலோ கடமை மீறலாலோ நேரவில்லை என்று டைரக்டர்தான் நிரூபிக்க வேண்டும். இவை போக மிச்சமிருக்கும் ஆபத்துக்காக வருஷா வருஷம் ஆடிட், ஆர்ஓசி (கம்பெனிப் பதிவாளர்) தாக்கல் செலவு செய்யலாமா என்பது உங்கள் தொழிலைப் பொறுத்தது. கட்டட வேலை, உணவு, கெமிக்கல் என்றால் செய்யுங்கள். ஜெராக்ஸ் கடைக்கு வேண்டாம்.

தஞ்சாவூர் வாசகர்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறேன். போதுமா?

போதாது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன நாளுக்குள், நாள் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த வரி உங்களுக்கு எதிரான சாட்சி, அடுத்த பில் புக் அடிக்கும்போது எடுத்துவிடுங்கள். நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்கெல்லாம் நீங்கள் திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

சேலம் வாசகர்: பழைய இரும்பு வியாபாரம் செய்யும் நண்பர், என் ஆதார், பான் வைத்து ஜிஎஸ்டி எடுத்துக்கொள்கிறேன், மாதம் 10,000 தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. அந்தத் தொழிலின் முதலாளி நீங்கள்தான் என்று சட்டம் பார்க்கும். சரக்கே நகராமல் பில் மட்டும் போட்டு வரிக் கழிவு எடுத்தது பின்னால் தெரிந்தால், வரி, வட்டி, அபராதம் எல்லாவற்றுக்கும் நோட்டீஸ் உங்கள் வீட்டு விலாசத்துக்கு வரும். 5 கோடிக்கு மேல் போனால் ஜாமீனில் வர முடியாத குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் நம்பரைப் போட்டுத் தேடினால் உங்கள் பெயரில் எந்த மாநிலத்தில் என்ன பதிவு இருக்கிறது என்று தெரியும். ஒன்று இருந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே பிரின்ட் எடுத்துக்கொண்டு, அதிலேயே போட்டிருக்கும் வரி அலுவலகத்தில் எழுத்துப் புகார் கொடுங்கள், போலீஸிலும் மனு ரசீது வாங்குங்கள். நண்பரிடம் முதலில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.